கணேசலிங்கம் அங்கிளும் ஆமை சூப்புக் கார்டும்

கணேசலிங்கம் அங்கிளுக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்த அன்று பின்னேரம், செவன் ஹில்ஸ் வீட்டுக் குசினி மேசையில் அந்தச் சான்றிதழை விரித்து வைத்து, சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, அடியில் இருந்த அமைச்சரின் கையெழுத்தின் மேல் தேய்த்துப் பார்த்தாராம். கையெழுத்து அசையவே இல்லை. இன்னொரு முறை தேய்த்திருக்கிறார். காகிதம்தான் நனைந்தது.

“அச்சடிச்சது, பாமா,” என்று மனைவியிடம் சொன்னார். “எனக்கெண்டு ஒருத்தரும் பேனையைத் தொடேல்லை.”

“மினிஸ்டர் இருந்து எல்லாருக்கும் கையெழுத்து வைச்சுக்கொண்டிருந்தால் நாட்டை ஆர் பாக்கிறது?” என்றார் சத்தியபாமா அன்ரி. “முதல்ல அந்த எச்சிலைத் துடையுங்கோ.”

இந்தக் கதையை அன்ரி எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அங்கிள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் சொல்வார். அவர் இல்லாத நேரத்தில் சொல்வதில் அன்ரிக்கு ருசி இல்லை.

நான் அவர்களுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளை, ராகவி. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அப்பா ஒரு குளிரூட்டிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். நான் வரலாறு படித்தேன். “வரலாறோ? அதுதான் முடிஞ்சுபோச்சே பிள்ளை, அதில இன்னும் என்ன கிடக்கு?” என்று தெருமுனையில் இருக்கும் பிலோமினம்மா அன்ரி கேட்டார். இப்போது ஒரு நூலகத்தில், கூப்பிடுகிற நாட்களில் மட்டும் போய் வேலை செய்கிறேன். நான் படித்தது வீண் இல்லை என்று மனதார நம்பிய ஒரே மனிதர் கணேசலிங்கம் அங்கிள். அதனால் அவரைப் பற்றி நான் எழுதுவதில் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும்.

அங்கிள் குளியலறை ஓடுகள் விற்கும் கம்பெனியின் கிடங்கில் வேலை செய்கிறார். லொறியில் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தை அவர் ஒருபோதும் அவசரமாகப் போட்டதில்லை. லொறிக்காரர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். இவர் ‘லிங்கம்’ என்பதன் கடைசிச் சுழியைச் சுழித்து, அதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டுத்தான் நிமிர்வார்.

இப்படிப்பட்டவருக்கு அச்சடித்த கையெழுத்தைக் கொடுத்து அனுப்பினால் மனம் ஆறுமா? ஆறவில்லை. ஆறு தனித்தனிக் குடியேற்றங்கள் ஒன்றுசேர்ந்து 1901ஆம் ஆண்டு இந்த நாடு உருவானது என்றும், அந்தக் காலத்து அமைச்சர்கள் தபால் அதிபர் நியமனத்துக்குக்கூடத் தங்கள் கையாலேயே கையெழுத்து வைத்தார்கள் என்றும் எங்கேயோ வாசித்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு அந்த மையின் மேல் கண். பழைய சாமான் சந்தைகளில் மற்றவர்கள் பீங்கான் கோப்பைகளைத் தட்டிப் பார்க்கும்போது இவர் காகிதக் கட்டுகளைக் கிளறுவார். முதன்முதலாக அகப்பட்டது உண்மையிலேயே ஒரு தபால் அதிபரின் நியமனக் கடிதம். நாடு பிறந்து இரண்டாம் வருடத்துக் காகிதம். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். கையெழுத்தின் கடைசி எழுத்துக்கு ஒரு நீல வால் முளைத்தது.

“பாமா! கரையுது!” என்று கத்தினாராம். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து அன்ரி வாளியோடு ஓடி வந்திருக்கிறார்.

அந்தச் சந்தோஷம் இரவுச் சாப்பாடு வரைதான் இருந்தது. சாப்பிடும்போது யோசனை வந்துவிட்டது. ஒரு சொட்டு எச்சிலுக்கே கரைகிறது என்றால் மழை பட்டால் என்ன ஆகும்? அந்தக் கிழமையே போய் ஒரு லமினேட் மெசின் வாங்கி வந்தார்.

இதில் சிரிக்க எதுவும் இருப்பதாக எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீடுகளில் முக்கியமான காகிதம் என்றால் அது மினுங்க வேண்டும். என் இரண்டாம் வகுப்பு நீச்சல் சான்றிதழ், அப்பாவின் ஃபோர்க்லிஃப்ட் அனுமதி, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலின் திருவிழா நேரசூசி எல்லாமே பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கின்றன. அங்கிளுக்கு அதற்குக் காரணமும் இருந்தது. ஊரில் போர் நடந்த காலத்தில் இடம்பெயர்ந்து கடல்நீரேரியைக் கடந்தபோது படித்த சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். கரையேறிப் பையைத் திறந்தால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. லமினேட் செய்த அடையாள அட்டை மட்டும் நேற்று எடுத்தது போல் இருந்தது. இங்கே விசா விசாரணையில், நீர் யார் என்று கேட்ட அதிகாரிக்கு முன்னால் அவர் வைத்தது அந்த ஒன்றைத்தான். இதை அவர் சோகமாகச் சொல்வதில்லை. லமினேட் மெசின் விற்கிற ஆள் சொல்வது போலச் சொல்வார்.

ஆகவே தபால் அதிபர் உள்ளே போனார். அவருக்குப் பின்னால், வெளிச்சவீட்டுக்கு எண்ணெய் அனுப்ப அனுமதித்த ஒரு செயலாளர், பூசணிக்காய் அனுப்பிய விவசாயிக்கு நன்றி எழுதிய ஓர் அமைச்சர், விடுமுறை மறுக்கப்பட்ட ஒரு சுங்க எழுதுவினைஞர் என்று வருடக்கணக்கில் ஒவ்வொருவராகப் பிளாஸ்டிக்குக்குள் போனார்கள். ஒரு சூட்கேஸ் நிறைந்தது. ஒவ்வொருவரும் உள்ளே போக முதல் சாமி அறையில் ஒரு நாள் இருப்பார். அடுத்த நாள் கோயில் கலண்டரில் நல்ல நேரம் பார்த்து அங்கிள் மெசினைப் போடுவார். பல்கலைக்கழகம் எனக்குப் பட்டம் தந்தபோது அப்பா முதல் வேலையாக அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத்தான் ஓடினார். அதுவும் முருகனுக்கு முன்னால் ஓர் இரவு இருந்துவிட்டுத்தான் மினுங்கிக்கொண்டு திரும்பி வந்தது.

ஊருக்குள் அங்கிளுக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. அவர் ஜே.பி. பிரதிகளை மூலத்தோடு ஒப்பிட்டு ‘உண்மைப் பிரதி’ என்று முத்திரை குத்தும் சமாதான நீதவான். சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுக் கதிரைகள் எல்லாம் கடவுச்சீட்டுப் பிரதியோடு வந்த ஆட்களால் நிறைந்திருக்கும். அந்த வேலைக்கு அவர் ஒரு வாழைப்பழம்கூட வாங்கமாட்டார். “இது லஞ்சம்,” என்று மாம்பழப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பார். “ஜே.பி. அவர், நானில்லை,” என்று அன்ரி பின்கதவால் வாங்கப் பார்ப்பார். இருவருக்கும் நடுவில் பெட்டி போய்ப் போய் வரும்.

இந்த வருடம் ஆமை சூப்புக் கார்டு வந்தது.

கன்பெரா என்ற தலைநகரம் கட்டப்படுவதற்கு முன்னால் இந்த நாட்டின் பாராளுமன்றம் மெல்பேர்னில் கூடியது. அந்த முதல் வருடங்களில் மெல்பேர்னில் நடந்த ஒரு விருந்தின் சாப்பாட்டுப் பட்டியல் அது. தடித்த வெள்ளை அட்டை, ஓரத்தில் பொன்னிறக் கோடு. முன்பக்கத்தில் ஆமை சூப்பில் தொடங்கி ஆட்டு நாக்கு வழியாகப் புடிங்கில் முடிகிற பட்டியல். பின்பக்கத்தில் அன்று மேசையில் இருந்து சாப்பிட்ட ஒன்பது பேரின் கையெழுத்துகள். அவர்களில் ஏழு பேர் முதல் பாராளுமன்ற உறுப்பினர்கள். ஒருவர் பாட்டுக்காரர். மற்றவரை யாராலும் வாசிக்க முடியவில்லை.

“அவர்தான் பெரிய ஆளா இருக்கும்,” என்றார் அங்கிள். “பெரிய ஆக்கள்தான் கிறுக்கிறவை.”

மெல்பேர்னில் இருந்த வியாபாரி தபாலில் அனுப்புவதாகச் சொன்னதற்கு இவர் சம்மதிக்கவில்லை. விமானத்தில் போகவும் பயம். பையைச் சோதிக்கும் எக்ஸ்ரே பட்டு மை வெளுத்துவிடுமாம். கடைசியில் ரயிலில் போனார். அன்ரியின் தம்பி வாசுதேவன் மெல்பேர்னில், மல்கிரேவில் இருக்கிறார். அவர்தான் ஸ்டேஷனுக்கு வந்து அங்கிளைக் கடைக்குக் கூட்டிப்போனவர்.

“என்ன அத்தான், ஆமை சூப்புக் குடிச்சவையின்ர கார்டுக்கோ ஒரு பகல் முழுக்க ரெயின்ல இருந்து வந்தனீங்கள்?”

“குடிச்சது ஆமை. கட்டினது நாடு,” என்று இவர் சொன்னாராம். வாசுதேவன் அதை அன்றே எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். திரும்பி வரும் வழி முழுக்க அங்கிள் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. கழிப்பறைக்குப் போனபோதும் பை கூடப் போயிருக்கிறது.

இதே சமயத்தில்தான் எங்கள் நூலகத்தில், புதிய குடிமக்கள் உறுதிமொழி எடுக்கும் வாரத்துக்காக ஒரு கண்காட்சி வைக்க முடிவானது. உள்ளூர் வரலாற்றுப் பகுதியைப் பார்க்கும் ஜூடித், யாராவது சேகரிப்பாளரைத் தெரியுமா என்று எல்லோரையும் கேட்டார். நான் அங்கிளின் பெயரைச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டி, நல்ல வெளிச்சம், கீழே ‘கே. கணேசலிங்கம் சேகரிப்பு’ என்று ஒரு சிட்டை. இதை அங்கிளிடம் சொன்னதும் அவர் உள்ளே போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேய்ஸ் ஹில்லில் அர்ச்சனைத் தட்டோடு நின்றவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஓடு ஏற்றும் லொறிக்காரர்களுக்கும் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடம் வீட்டுக்கு வந்தவர்கள் அவருடைய காகிதங்களைப் பார்த்து, “உதை வித்தால் ஏதும் வருமே?” என்று கேட்டுவிட்டு ரீவி பக்கம் திரும்பியவர்கள்தான். முதல்முறையாக ஓர் அரசாங்கக் கட்டடம் அவரைச் சேகரிப்பாளர் என்று எழுதிக் கூப்பிடுகிறது. நடுப்பெட்டியில் ஆமை சூப்புக் கார்டுதான் இருக்கவேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

ஜூடித் சனிக்கிழமை வந்து சாமான்களை எடுப்பதாக ஏற்பாடு. எனவே வெள்ளிக்கிழமை காலையில் கார்டை லமினேட் செய்ய வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நல்ல நேரம் இருக்கிறது. அங்கிள் வேலைக்கு லீவு போட்டார். அன்ரி வடைக்கு உழுந்து ஊறப்போட்டார்.

வியாழக்கிழமை மாலையில் ஒரு சின்னத் தடங்கல் வந்தது. கார்டைச் சாமி அறையில் வைக்க அங்கிள் எடுத்துக்கொண்டு போக, அன்ரி கதவில் கையை வைத்து மறித்தார்.

“ஆமையும் ஆட்டு நாக்கும் எழுதின மட்டையை நான் முருகனுக்கு முன்னால வைக்க விடமாட்டன்.”

“எழுத்துத்தானே பாமா. இறைச்சியே?”

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. வாசிச்சாலே எனக்குச் சரியில்லை.”

“பின்பக்கத்தைக் காட்டி வைக்கிறன். கையெழுத்து மட்டும்தான் தெரியும்.”

“முருகனுக்கு முன்பக்கம் தெரியாதே?”

கார்டு அன்றிரவு சாப்பாட்டு மேசையில், கிழக்குப் பார்த்து இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் வேலையில் இருந்தேன். ஜூடித் என் மேசைக்கு வந்து, நாளைக்கு எடுக்கப்போகும் காகிதங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று விசாரித்தார். நான் பெருமையாகச் சொன்னேன்: மிக நல்ல நிலையில் இருக்கின்றன, எல்லாவற்றையும் அவர் லமினேட் செய்து வைத்திருக்கிறார்.

ஜூடித் கையிலிருந்த பேனையை மெதுவாக மேசையில் வைத்தார்.

அந்த மெசினின் சூட்டில் பசை உருகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், அதைத் திருப்பி எடுக்க முடியாது, எடுக்கப்போனால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும், நாளடைவில் காகிதம் உள்ளேயே பழுதாகும் என்று அவர் விளக்கினார். பழைய காகிதத்துக்கு ஒட்டாத உறைதான் போட வேண்டும். லமினேட் செய்ததை அரிய மூலம் என்று பெட்டிக்குள் வைக்க முடியாது.

மூன்று வருடம் வரலாறு படித்தவள் நான். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் கட்டுரை கட்டுரையாக எழுதினேன். காகிதத்துக்கு என்ன செய்யக்கூடாது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்திருக்க வேண்டும் என்றால் வேறு என்னென்ன தெரியாமல் இருக்கிறேன்?

“லமினேட் செய்யாதது ஒன்றாவது இருக்கிறதா?” என்று ஜூடித் கேட்டார்.

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பிறகு கார்ச் சாவியை எடுத்தேன். வழியில் மூன்று தடவை போன் எடுத்துப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை. நல்ல காரியம் நடக்கும்போது போன் அடிக்கக்கூடாது என்று அங்கிள் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாராம்.

நான் உள்ளே ஓடியபோது வீடு வடை வாசத்தில் இருந்தது. மெசினின் நெற்றியில் சந்தனப் பொட்டு. பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. அங்கிள் வேட்டி கட்டி, கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, பிளாஸ்டிக் உறையை விரித்துப் பிடித்திருந்தார். கார்டு உறைக்குள் முக்கால்வாசி போயிருந்தது. ஒரு கதிரையில் பிலோமினம்மா அன்ரி வடையோடு இருந்தார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர். ஆனால் எங்கள் தெருவில் எந்த நல்ல நேரத்தையும் தவறவிட்டது கிடையாது.

“அங்கிள், நிப்பாட்டுங்கோ! ப்ளீஸ், டோன்ட்! செய்யாதேங்கோ!”

“என்ன பிள்ளை, நெருப்பே?” என்றார் பிலோமினம்மா.

“லமினேட் பண்ணினால் கார்டு பழுதாப்போயிடும்.”

அங்கிள் சிரித்தார். “பண்ணாட்டித்தான் பழுதாகும். நீர் முதல்ல இரும். வடை எடும்.”

“இல்லை அங்கிள். உண்மையா. ஜூடித் சொன்னவ. பசை உள்ளுக்க இறங்கிடுமாம். பிறகு கழட்டேலாதாம்.”

“ஏன் கழட்டோணும்?”

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஜூடித்தின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேசையில் வைத்தேன். அங்கிள் தன் ஜே.பி. ஆங்கிலத்தை எடுத்தார். மேடம், தாங்கள் சொல்வது எல்லாக் காகிதத்துக்கும் பொருந்துமா, அல்லது சில காகிதங்களுக்கு மட்டுமா என்று கேட்டார். ஜூடித் மிகவும் பணிவாக, எல்லாவற்றுக்கும் என்றார். ஏற்கெனவே செய்தவற்றை ஏதாவது செய்யலாமா என்று அங்கிள் கேட்டார். ஜூடித், மன்னிக்கவேண்டும் மிஸ்டர் கணேசலிங்கம் என்றார்.

அங்கிள் நன்றி சொல்லிப் போனை என்னிடம் தந்தார். உறையிலிருந்து கார்டை வெளியே எடுத்தார். விளிம்பை மட்டும் தொட்டு மேசையில் வைத்தார். சூட்கேஸைத் திறந்து மேலே இருந்ததை எடுத்தார். நீல வால் முளைத்த தபால் அதிபர். ஒரு மூலையில் நகத்தை வைத்துப் பிளாஸ்டிக்கைக் கிளப்பிப் பார்த்தார். அது கிளம்பவில்லை. இன்னொரு மூலையிலும் பார்த்தார்.

“இவ்வளவு பேரையும் நானே மூச்சடைக்கப் பண்ணிப்போட்டன்,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பிலோமினம்மா அன்ரிகூட வடையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் ஏன் ஓடி வந்தேன் என்று யோசித்தேன். வராமல் விட்டிருந்தால் ஒரு கார்டு கெட்டிருக்கும். இந்த மனிதர் வடை சாப்பிட்டிருப்பார். சூட்கேஸ் முழுக்க இருந்தவர்கள் அவர் கண்ணுக்கு இன்னும் உயிரோடு இருந்திருப்பார்கள்.

அங்கிள் திடீரென்று என்னைப் பார்த்தார். “பிள்ளை, உம்மட டிகிரியும்...”

“அதை விடுங்கோ அங்கிள். அதை இன்னும் ஒருத்தரும் காட்டச் சொல்லிக் கேக்கேல்லை.”

முதலில் பிலோமினம்மா அன்ரிதான் சிரித்தார். பிறகு அங்கிளின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையாகவும் இருக்கலாம்.

சத்தியபாமா அன்ரி மணிக்கூட்டைப் பார்த்தார். “இஞ்சருங்கோ, நல்ல நேரம் முடியப்போகுது. மெசினும் சூடாகி நிக்குது. சந்தனமும் வைச்சாச்சு. ஒண்டும் போடாமல் நிப்பாட்டுறது சரியில்லை.”

“என்னத்தைப் போடுறது?”

“பிரதி எடுங்கோவன். வாற ஆக்களுக்கு எல்லாம் அதைத்தானே செய்யிறனீங்கள்?”

கார்டின் பின்பக்கத்தை நான் போனில் படம் எடுத்து, அவர் வீட்டுப் பிரிண்டரில் தடித்த தாளில் அடித்தேன். ஒன்பது கையெழுத்தும் அழகாக வந்திருந்தன.

“இனி உங்கட முத்திரையைக் குத்துங்கோ கணேஸ் அண்ணை, உண்மைப் பிரதியெண்டு,” என்றார் பிலோமினம்மா.

அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சொந்தச் சாமானுக்கு நான் ஜே.பி.யா நிக்கேலாது. சட்டம்.”

“ஐயோ, இந்த வீட்டுக்குள்ள ஆர் பாக்கப்போயினம்?”

“நான் பாக்கிறன்தானே.”

“அப்ப முத்திரையை விடுங்கோ,” என்றார் பிலோமினம்மா. “அந்த ஒன்பது பேரும் என்ன, ஜே.பி.யாவோ வைச்சவை? மேசையில இருந்து சாப்பிட்டவை, வைச்சவை. நாங்களும் சாப்பிட்டனாங்கள்தானே.” சொல்லிவிட்டு, எண்ணெய் விரலைச் சேலையில் துடைத்து, என் பையிலிருந்த பேனையைப் பிடுங்கி, வாசிக்க முடியாத அந்தப் பெரிய ஆளுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். அன்ரி தமிழில் எழுதினார். நான் வைத்தேன். கடைசியில் அங்கிள் பேனையை வாங்கினார். முருகா என்று ஒரு தடவை சொன்னார். லிங்கத்தின் சுழியைச் சுழித்துக் கீழே கோடு இழுத்தார். லொறிக்காரர்கள் யாரும் இல்லாததால் கோடு வழக்கத்தைவிட நீளமாக வந்தது. ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் தாள் மெசினுக்குள் போய், மறுபக்கம் மினுங்கிக்கொண்டு வந்தது.

“இப்ப வாசிக்கேலாத கையெழுத்து ரெண்டு,” என்றார் அன்ரி, பிலோமினம்மாவின் கிறுக்கலைப் பார்த்து.

சனிக்கிழமை ஜூடித் ஒட்டாத உறையோடு வந்து, கையுறை போட்டுக் கார்டை எடுத்துக்கொண்டார். சூட்கேஸையும் புரட்டிப் பார்த்தார். இவற்றைப் பெட்டிக்குள் வைக்க முடியாது, ஆனால் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு மேசை போட்டால் தருவீர்களா என்று கேட்டார். இனி இவற்றுக்கு விரலால் கெடுதி இல்லை அல்லவா? அங்கிள் ஓம் என்று சொல்ல ஓர் இரவு எடுத்துக்கொண்டார்.

கண்காட்சி தொடங்கிய அன்று கோயில் ஆட்கள் கார் காராக வந்தார்கள். எல்லோரும் நேரே போனது தொடுமேசைக்குத்தான். தபால் அதிபரைப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பூசணிக்காய்க்கு நன்றி சொன்ன அமைச்சரை ஒரு குழந்தை கடித்தும் பார்த்தது. “இதுகள்தான் அண்ணை நல்லா இருக்கு, மினுக்கமா,” என்று அங்கிளிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அங்கிள் தனியாக நின்றார். கீழே சிட்டையில் அவர் பெயர் பிழையில்லாமல் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, கூரையில உது என்ன, குமிழ் மாதிரி?”

“ஸ்பிரிங்க்ளர் அங்கிள். நெருப்புப் பிடிச்சால் தண்ணி அடிக்கும்.”

“நேரே இதுக்கு மேலயோ?”

நான் ஜூடித்தைக் கூப்பிட்டேன். ஜூடித் கூரையைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நாங்கள் மூன்று பேருமாக அதை ஓரமாக நகர்த்தினோம். அங்கிள் திரும்பவும் அண்ணாந்து பார்த்தார். குமிழ் இன்னொன்றும் இருந்தது. அது தூரத்தில் இருந்தது. பரவாயில்லை என்று தலையாட்டினார்.

மத்தியானம் சாப்பிட வரச் சொன்னதற்கு அங்கிள் வரவில்லை. அன்ரி சாப்பாட்டுப் பையோடு வந்தார். உள்ளே சாப்பிடக்கூடாது என்று எழுதியிருந்ததால் அங்கிள் வாசலில் நின்று கண்ணாடிக் கதவு வழியாகப் பெட்டியைப் பார்த்தபடி இரண்டு வாய் சாப்பிட்டார். மாலையில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினோம்.

“இரவில இஞ்ச ஆர் நிக்கிறது?” என்று அங்கிள் கேட்டார்.

“ஒருத்தரும் நிக்கிறதில்லை அங்கிள். அலாரம் இருக்கு.”

“ஒருத்தரும் இல்லையோ?”

“பாயும் தலகணியும் எடுத்துக்கொண்டு வாறன், நீங்கள் கிடவுங்கோ,” என்றார் அன்ரி. “காலமை வந்து கூட்டிக்கொண்டு போறன்.”

அங்கிள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பெட்டியின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். உள்ளே ஒன்பது பேரும் மேலே எந்தப் பிளாஸ்டிக்கும் ஒட்டாமல் கிடந்தார்கள். பிறகு திரும்பி நடந்தார். கார் நிறுத்துமிடத்துக்குப் போகும்போது இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் பின்னால் கட்டினார். பிறகு பொக்கெற்றுக்குள் போட்டார். பிறகு வெளியே எடுத்தார்.

“இந்தாங்கோ, இதைப் பிடியுங்கோ,” என்று அன்ரி வெறும் சாப்பாட்டுப் பையைக் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.